அரியணையும் தூரிகையும் – 9: வராத அம்மாவுக்கு நடு இருக்கை

பாரிஸ் நகரத்து லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு சுவரை முழுசாக அடைத்துக்கொண்டு தொங்குகிறது அந்த ஓவியம். உயரம் 6.21 மீட்டர், அகலம் 9.79 மீட்டர். 1804 டிசம்பர் 2 அன்று நோத்ர தாம் தேவாலயத்தில் நெப்போலியன் சக்கரவர்த்தியாக முடிசூடிக்கொண்ட விழாவைக் காட்டும் படம். வரைந்தவர் ழாக் லூயி டேவிட். கூட்டத்துக்கு மேலே, படத்தின் நடுவில் இருக்கும் மாடத்தைப் பாருங்கள். நல்ல இடமாகப் பார்த்து ஓர் அம்மாள் பெருமிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நெப்போலியனைப் பெற்ற தாய், லெத்தீசியா.

அன்றைக்கு அந்த அம்மாள் பாரிஸிலேயே இல்லை. தான் சொன்னதைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான் என்று நெப்போலியன் தன் தம்பி லூசியனோடு முறைத்துக்கொண்டிருந்தார். தாய் லூசியன் பக்கம் நின்றார். அவரோடு இத்தாலிக்கும் போய்விட்டார். அவர் பாரிஸ் திரும்பியபோது விழா முடிந்து தோரணங்களைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

டேவிட்டுக்கு இது தெரியாமல் இல்லை. விழா நடந்தபோது தேவாலயத்தில் உட்கார்ந்து கோட்டுருவம் எடுத்த ஆள் அவர். பெற்ற தாயே வராத பட்டாபிஷேகம் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாது என்பது சக்கரவர்த்தியின் கவலை. தூரிகை அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தது.

அரசவை ஓவியங்கள் பொய் சொல்லும் என்பது இந்தத் தொடரின் வாசகர்களுக்குப் புதிதல்ல. எந்தப் பொய்யைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் சரித்திரம் ஒளிந்திருக்கிறது. அந்த வகையில் டேவிட்டின் இந்தப் படத்தைப் போல வாய்விட்டுப் பேசும் ஆவணம் ஐரோப்பாவில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் நெப்போலியனின் சங்கடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய பிரெஞ்சு மன்னர்களிடம் போய், ‘உனக்கு யார் கொடுத்தது இந்த நாடு?’ என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். அப்பன் மன்னன், பாட்டன் மன்னன். அதற்கும் மேலே, வானத்திலிருந்து வந்த எண்ணெய். ரீம்ஸ் நகரத்தில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. க்ளோவிஸ் மன்னனின் ஞானஸ்நானத்துக்காகப் புறா ஒன்று விண்ணிலிருந்து கொண்டுவந்த தைலம் அதில் இருப்பதாக ஐதீகம். அந்தத் தைலத்தைப் பூசிக்கொண்டவனே பிரான்ஸின் மன்னன். 1793 அக்டோபரில் புரட்சி அரசின் பிரதிநிதி ஒருவர் ரீம்ஸுக்குப் போய், ஊரார் கண்முன்னே அந்தக் குப்பியைச் சுக்குநூறாக உடைத்தார். அதே வருடம் ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னனின் தலை உருண்டிருந்தது. ஆளைக் கொன்றால் போதாது, எண்ணெயையும் கொட்ட வேண்டும் என்று புரட்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் புரட்சியால் மேலே வந்தவர்தான் நெப்போலியன். கார்சிகா தீவின் வக்கீல் ஒருவரின் மகன். 1799இல் படைபலத்தோடு ஆட்சியைப் பிடித்தார். 1804 மே 18 அன்று செனட் அவரைச் சக்கரவர்த்தி என்று அறிவித்தது. அதன் பிறகு பொதுவாக்கெடுப்பு. ஆம் என்று 35 லட்சத்துக்கும் மேல், இல்லை என்று மூவாயிரத்துக்கும் குறைவு என்று கணக்குக் காட்டினார்கள். இந்தக் காலத்தில் அப்படியொரு முடிவு வந்தால் நாம் என்ன சொல்வோமோ அதையே அன்றும் சிலர் சொன்னார்கள், மெதுவான குரலில்.

செனட் கொடுத்ததை செனட்டே திரும்பக் கேட்கலாம். மக்கள் வாக்கும் அப்படித்தான். வாளால் வந்தது இன்னொரு வாளால் போகும். இதெல்லாம் நெப்போலியனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எனவே கையில் கிடைத்த எல்லா நியாயங்களையும் ஒரே மேடையில் கூட்டினார். பூர்போன் மன்னர்களின் லில்லிப் பூச் சின்னம் வேண்டாம். அதற்கும் பழமையான ஒன்று தேவை. 1653இல் தூர்னே நகரத்தில் ஐந்தாம் நூற்றாண்டு மன்னன் சில்டெரிக்கின் கல்லறை கிடைத்தபோது உள்ளே பொன்னாலான குட்டித் தேனீக்கள் இருந்தன. அந்தத் தேனீக்கள் நெப்போலியனின் மேலங்கி முழுக்க ஏறின. ரீம்ஸ் வேண்டாம், பூர்போன் வாடை அடிக்கும். அதைத் தாண்டி ஆயிரம் வருடம் பின்னால் போய் சார்லமேனைப் பிடித்தார். கி.பி. 800 கிறிஸ்துமஸ் அன்று சார்லமேனுக்கு போப் முடிசூட்டினார் இல்லையா? அப்படியானால் தனக்கும் போப் வரட்டும். சார்லமேன் ரோமுக்குப் போனான். இங்கே போப் ஏழாம் பயஸ் ரோமிலிருந்து பாரிஸுக்குப் பயணப்பட்டார். சார்லமேன் சூடியதாகச் சொல்லப்பட்ட கிரீடம் புரட்சியில் அழிந்துபோயிருந்தது. அதனால் என்ன, பாரிஸில் நகைக்காரர்களுக்கா பஞ்சம்? புதிதாக ஒன்று செய்து அதற்கு சார்லமேன் கிரீடம் என்று பெயர் வைத்தார்கள்.

விழாவே ஒரு நாடகம்தான். பெர்சியே, ஃபோந்தேன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் நோத்ர தாமின் பழைய கல் உடம்பை அட்டையாலும் வர்ணத் துணியாலும் மூடி, வேறொரு கட்டடமாக ஆக்கினார்கள். யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதில் குழப்பம் வந்தபோது ஓவியர் இசாபே குட்டிப் பொம்மைகளுக்கு உடை மாட்டி, தேவாலயத்தின் வரைபடத்தின் மேல் அவற்றை நகர்த்திக் காட்டினார். நெப்போலியன் அதைப் பார்த்துத்தான் ஒத்திகையை முடித்தார்.

விழாவுக்கு முன்னால் ஒரு முட்டுக்கட்டை. நெப்போலியனும் ஜோசஃபினும் செய்துகொண்டது பதிவுத் திருமணம்தான், கோயிலில் மாலை மாற்றவில்லை என்பது போப்புக்குத் தெரியவந்தது. சொன்னது ஜோசஃபினேதான். நெப்போலியனுக்குப் பிள்ளை பெற்றுத் தராத பட்டத்தரசிக்குக் கோயில் கல்யாணம் ஒரு காப்பு. போப் தயங்கவே, விழாவுக்கு முந்தின ராத்திரி நெப்போலியனின் தாய்மாமன் கார்டினல் ஃபெஷ் அவசர அவசரமாகத் திருமணத்தை நடத்தி வைத்தார். இந்த ராத்திரிக் கல்யாணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நடந்தது உலகத்துக்கே தெரிந்த கதை. போப் புனித எண்ணெய் பூசினார். கிரீடத்தை ஆசீர்வதித்தார். நெப்போலியன் அதை எடுத்துத் தானே சூடிக்கொண்டார். போப்பின் கையிலிருந்து பிடுங்கினார் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்வது மிகை. முன்கூட்டியே பேசி முடித்த ஏற்பாடு அது. பிறகு கீழே மண்டியிட்டிருந்த ஜோசஃபின் தலையில் இன்னொரு கிரீடத்தை வைத்தார். கடைசியில் அரசியல் சட்டம் விதித்த உறுதிமொழி; அதில் மதச் சுதந்திரமும் அடக்கம் என்பதால் அந்த நேரம் பார்த்து போப் உள்ளே போய்விட்டார். பாவம் அந்தக் கிழவர், வேறு என்ன செய்வார்?

இதையெல்லாம் படமாக்கும் வேலை டேவிட்டுக்கு. அவருடைய பூர்வ கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1793இல் மன்னனுக்கு மரண தண்டனை வேண்டும் என்று வாக்களித்த மக்களவை உறுப்பினர் அவர். குளியல் தொட்டியில் குத்திக் கொல்லப்பட்ட மராவைப் புரட்சியின் தியாகியாக வரைந்தவர். புரட்சித் தலைவர் ரோபஸ்பியரின் நண்பர், புரட்சி அரசின் திருவிழாக்களுக்கு ஊர்வலமும் அலங்காரமும் வகுத்துக் கொடுத்தவர். ரோபஸ்பியரின் தலை போனபோது டேவிட் சிறைக்குப் போனார். பத்தே வருடத்தில் அதே மனிதர் சக்கரவர்த்தியின் முதன்மை ஓவியர். போப்பும் அவர் முன்னால் உட்கார்ந்து தன் உருவப்படத்தை எழுதவைத்துக்கொண்டார். சந்தர்ப்பவாதி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் மராவின் படத்தில் இருந்த அதே நம்பிக்கையோடுதான் இதையும் வரைந்தார் என்று எனக்குப் படுகிறது. அவருக்குக் கட்சி மாறியது. வழிபடும் குணம் மாறவில்லை.

சொர்போன் அருகே பழைய க்ளூனி தேவாலயம் அவருடைய பட்டறை ஆயிற்று. 1805 கடைசியில் வேலை தொடங்கியது. உதவிக்கு ழோர்ழ் ரூழே என்ற சீடர். கட்டடத்தின் ஆழத்தையும் கோணத்தையும் கணக்கிட்டுக் கொடுத்தவர், ஓபரா நாடக அரங்குகளுக்குத் திரை எழுதிய தேகோத்தி. நாடகத்தை வரைய நாடகக்காரர்!

எதை வரைவது? விழா மணிக்கணக்கில் நடந்தது. படத்தில் ஒரே ஒரு கணத்துக்குத்தான் இடம். எண்ணெய் பூசும் கணம் என்றால் சக்கரவர்த்தி மண்டியிட்டிருப்பார், சரிப்படாது. உறுதிமொழிக் கணம் என்றால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவராகத் தெரிவார், அதுவும் வேண்டாம். டேவிட் முதலில் எடுத்தது, நெப்போலியன் தன் தலையில் தானே கிரீடம் வைக்கும் கணம். ஒரு கை கிரீடத்தை உயர்த்த, மறு கை வாளை நெஞ்சோடு அணைத்திருக்க, தலை சற்றே பின்னால் சாய்ந்து நிற்கும் அந்தக் கோட்டுப்படம் இன்றைக்கும் இருக்கிறது. பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன் என்கிறது அந்த உடல். உண்மையும் அதுதான். ஆனால் அதைப் பத்து மீட்டர் அகலத்துக்கு எழுதி மாட்டினால், அடுத்தவனும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாதா?

இந்தச் சிக்கலை அவிழ்க்க யோசனை சொன்னவர் டேவிட்டின் சீடர் ஜெரார் என்பார்கள். தானே சூடும் கணத்தை விட்டுவிட்டு, மனைவிக்குச் சூட்டும் கணத்தை எடுத்தார்கள். சாய்ந்து நின்ற பழைய தலையை மறைத்து மேலே வர்ணம் பூசினார்கள்.

இந்த ஒரு மாற்றத்தால் நடந்ததைப் பாருங்கள். நெப்போலியன் தலையில் ஏற்கெனவே பொன்னாலான வெற்றி இலைமாலை இருக்கிறது. யார் வைத்தது என்ற கேள்வியே எழுவதில்லை. ரோமாபுரி நாணயத்தில் சீசர் சூடியிருப்பதைப் போல, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததாகத் தோன்றுகிறது. இரண்டு கையாலும் அவர் தூக்கிப் பிடித்திருக்கும் கிரீடம் அவருக்கானது அல்ல. வாங்குகிற கை மறைந்து கொடுக்கிற கை வந்துவிட்டது. ஆட்சியைப் பறித்தவன், மண்டியிட்ட மனைவிக்கு அன்போடு அணிவிக்கும் கணவனாக நிற்கிறான். படத்தைப் பார்த்த நெப்போலியன் தன்னை ஒரு பிரெஞ்சு வீரப் பிரபுவாக ஆக்கிவிட்டதாக டேவிட்டைப் பாராட்டினார் என்று ஒரு செய்தி உண்டு. பட்டாளத்துக்காரருக்குத் தந்திரம் புரிந்திருக்கிறது. ‘உனக்கு யார் கொடுத்தது?’ என்ற கேள்விக்கு இந்தப் படம் பதில் சொல்லவில்லை. கேட்கவே விடாமல் செய்துவிட்டது. ஐரோப்பிய அரசவை ஓவியத்தின் ஆகப் பெரிய சாமர்த்தியம் என்று இதைத்தான் சொல்வேன்.

போப் எங்கே? நெப்போலியனின் முதுகுக்குப் பின்னால். சார்லமேன் காலம் முதல் சக்கரவர்த்திகளுக்கு முடிசூட்டிய பதவிக்காரர் இங்கே பார்வையாளர்களில் ஒருவர். டேவிட் அவரை முதலில் மடியில் கை வைத்து, தலை குனிந்து உட்கார்ந்திருப்பவராக வரைந்தார். நேரில் கண்டது அப்படித்தான் போலும். சும்மா உட்கார்ந்திருக்கவா இவரை இவ்வளவு தூரம் வரவழைத்தேன் என்று நெப்போலியன் கேட்டதாகக் கதை. வலது கை உயர்ந்தது, விரல்கள் ஆசீர்வதித்தன. படத்தைப் பார்க்கும் கத்தோலிக்கருக்கு அந்தக் கை போதும். புரட்சிக்காரருக்கு அந்த முதுகு போதும்.

நம் வீட்டுப் பூஜையறையின் ராமர் பட்டாபிஷேகப் படத்தில் யார் எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டல்லவா? இங்கும் அப்படி ஒரு வரிசை உண்டு; ஆனால் இங்கே நிற்பவர்கள் உயிரோடு இருந்தார்கள், தங்கள் இடத்துக்காகச் சண்டையும் போட்டார்கள். வலது ஓரத்தில் சாம்ராஜ்யத்தின் பெரிய மனிதர்கள்: நீதிக் கை பொருத்திய கோலோடு காம்பாசெரே, உருண்டையை ஏந்தி பெர்த்தியே, அருகே தாலிரான். 1789இல் ஆயராக இருந்துகொண்டே, திருச்சபையின் சொத்தை நாட்டுடைமை ஆக்கலாம் என்று சபையில் சொன்ன அதே தாலிரான்தான், சிவப்பு மேலங்கியில் போப்புக்கு எதிரே நிற்கிறார். இடது பக்கம் அண்ணன் ஜோசப், தம்பி லூயி, சகோதரிகள். கோபித்துக்கொண்ட லூசியன் இல்லை. அமெரிக்கப் பெண்ணை மணந்துகொண்டு அண்ணனின் கோபத்துக்கு ஆளான கடைசித் தம்பி ஜெரோமும் இல்லை. அம்மாவுக்குக் கிடைத்த சலுகை தம்பிகளுக்குக் கிடைக்கவில்லை.

சகோதரிகள் கதை சுவையானது. அண்ணியின் நீண்ட மேலங்கியின் நுனியை அவர்கள்தான் தூக்கிவர வேண்டும் என்று உத்தரவு. அண்ணியைக் கண்டால் ஆகாத நாத்தனார்கள்; அழுது ஆர்ப்பாட்டம் செய்து, வேறு வழியில்லாமல் தூக்கினார்கள். படத்தில் அந்தச் சுமை அவர்களுக்கு இல்லை. அவர்கள் நிமிர்ந்து தனியே நிற்க, அரசவைப் பெண்கள் இருவர் மேலங்கியைப் பிடித்திருக்கிறார்கள். ஜோசஃபினுக்கு அப்போது 41 வயது. படத்தில் இருப்பதோ இளம்பெண். தன் மகளையே மாதிரியாக வைத்து டேவிட் வரைந்தார் என்கிறார்கள்.

நாத்தனார்களுக்குப் பக்கத்தில், ஜோசஃபினின் மகள் ஹொர்த்தென்ஸ் ஒரு சிறுவனின் கையைப் பிடித்து நிற்கிறார். படத்தில் பலரும் கவனிக்காமல் போகும் இடம் இது. அவன் நெப்போலியனின் தம்பி லூயிக்கும் ஹொர்த்தென்ஸுக்கும் பிறந்த நெப்போலியன் சார்ல். பெரியப்பாவுக்குப் பிள்ளையில்லாததால் பட்டத்துக்கு வாரிசு என்று எல்லாரும் எண்ணியிருந்த குழந்தை. வம்சம் தொடரும் என்று சொல்லத்தான் அவன் அங்கே நிற்கிறான். டேவிட் இன்னும் தூரிகையைக் கீழே வைத்திராத 1807 மே மாதத்தில், ஐந்து வயதுகூட நிரம்பாமல் அவன் இறந்துபோனான்.

மேலே லெத்தீசியாவின் மாடத்துக்கும் மேல் இன்னொரு மாடம். அதில் தாளும் கோலுமாக ஒருவர் வரைந்துகொண்டிருக்கிறார். டேவிட் தன்னைத்தானே அங்கே வைத்திருக்கிறார், தன் குரு வியெனோடு. அருமையான தைரியம். நான் நேரில் பார்த்தேன் என்பதற்கு இது சாட்சிக் கையெழுத்து. பார்க்காத தாயை வரைந்த அதே படத்தில்!

இந்த அமைப்பை டேவிட் ஒன்றுமில்லாததிலிருந்து எடுக்கவில்லை. 1620களில் ரூபன்ஸ் மரி தெ மெதிசி அரசிக்காக 24 பெரிய ஓவியங்கள் வரைந்தார். அதில் அரசியின் முடிசூட்டு விழாவும் ஒன்று. மண்டியிட்ட அரசி, பின்னால் தரையில் விரியும் மேலங்கி என்று பல அங்கங்கள் அங்கிருந்து வந்தவை. அந்த விழா நடந்தது 1610 மே 13. மறுநாளே அரசியின் கணவர் நான்காம் ஹென்றி தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். விதவையின் ஆட்சிக்கு நியாயம் தேடிய படத்தைத்தான் டேவிட் முன்மாதிரியாக எடுத்தார். சகுனம் பார்க்கிறவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள்.

1808 ஜனவரி 4 அன்று நெப்போலியன் பரிவாரத்தோடு பட்டறைக்கே வந்தார். படத்தின் முன்னால் நெடுநேரம் நடந்து நடந்து பார்த்தார். இது ஓவியம் இல்லை, இதற்குள் நடந்து போகலாம் என்றாராம். பிறகு தொப்பியைக் கழற்றி ஓவியரை வணங்கினார் என்கிறார்கள். பிப்ரவரியில் லூவ்ரில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஜனம் திரண்டது. இரண்டு வருடத்துக்கு முன் இளம் ஓவியர் ஆங்க்ர், நெப்போலியனைச் சிம்மாசனத்தில் நேர்முகமாக, கடவுளைப் போல உறைந்த முகத்தோடு வரைந்து வசை வாங்கியிருந்தார். தெய்வமாக ஆக்கியதை யாரும் நம்பவில்லை. கணவனாக ஆக்கியதை நம்பினார்கள். லண்டனில் மட்டும் பருப்பு வேகவில்லை. அங்கே கேலிச்சித்திரக்காரர் கில்ரே, 1805 புத்தாண்டிலேயே முடிசூட்டு ஊர்வலத்தை ஒரு கூத்தாடிக் கூட்டமாக வரைந்து அச்சடித்து விற்றுவிட்டார்.

படம் சுவரில் ஏறியபிறகு அதில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். 1809 ஜூலையில் ஆசீர்வதித்த போப்பை நெப்போலியனின் வீரர்களே கைது செய்தார்கள். 1814 வரை அவர் கைதி. அதே 1809 டிசம்பரில் ஜோசஃபினுக்கு விவாகரத்து. அந்த ராத்திரிக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? முறையான சாட்சிகள் இல்லை, பங்குக் குருவானவர் இல்லை என்று காரணம் காட்டி, பாரிஸ் திருச்சபை நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அவசரமாக நடந்தது அப்போது போப்புக்காக. இப்போது அந்த அவசரமே கணவனுக்கு உதவியது.

முடிசூட்டு விழாவைப் பற்றி டேவிட் வரைய வேண்டியிருந்தது நான்கு பெரும்படங்கள். இரண்டுதான் முடிந்தன. இரண்டாவது, விழா முடிந்த மூன்றாம் நாள் படைகளுக்குக் கழுகுக் கொடிகளை வழங்கிய காட்சி. அது 1810இல் முடியும் கட்டத்தில் மேலிடத்து உத்தரவு வந்தது: ஜோசஃபினை எடுத்துவிடு. டேவிட் எடுத்துவிட்டார். வெர்சாய் அரண்மனைக்குப் போகிறவர்கள் அந்தப் படத்தில் நெப்போலியனுக்குப் பக்கத்தில் பாருங்கள். ஜோசஃபினின் மகன் யூஜீன், வெற்றிடத்தை நிரப்பக் காலை நீட்டிக்கொண்டு ஒட்டாமல் நிற்பது தெரியும். வராத தாயைச் சேர்த்த தூரிகையே, வந்த மனைவியை அழித்தது.

நெப்போலியன் வீழ்ந்தபின் பூர்போன்கள் திரும்பி வந்தார்கள். மன்னனின் தலைக்கு வாக்களித்தவர்களை நாடுகடத்தும் சட்டம் 1816இல் வந்தது. டேவிட் பிரஸ்ஸல்ஸுக்குப் போனார். முடிசூட்டுப் படத்தின் மறுபிரதி ஒன்றை 1822இல் அங்கேதான் முடித்தார். அது இன்று வெர்சாயில் இருக்கிறது. முதல் பிரதி 1837இல் வெர்சாய்க்குப் போய், 1889இல் லூவ்ருக்குத் திரும்பியது. 1825 டிசம்பர் 29 அன்று பிரஸ்ஸல்ஸில் டேவிட் இறந்தார். உடலை பிரான்ஸுக்குள் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை.

அதே 1825 மே மாதம் பத்தாம் சார்ல் மன்னன் ரீம்ஸில், பழைய முறைப்படி முடிசூடிக்கொண்டான். உடைத்த குப்பியிலிருந்து சில துளித் தைலத்தை யாரோ பக்தர்கள் காப்பாற்றி வைத்திருந்ததாகச் சொல்லி, அதையே பூசினார்கள். அந்த விழாவையும் ஏறத்தாழ பத்து மீட்டர் அகலத்துக்கு ஒருவர் வரைந்தார். டேவிட்டின் சீடர், நெப்போலியன் படத்துக்கு யோசனை சொன்ன அதே ஜெரார். ஐந்தே வருடத்தில் ஒரு புரட்சி சார்லை விரட்டியது. அந்தப் படத்தின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)